நர்ஸம்மாவோட பிரேக்கும் நீல ஹோஸும்

என் மருமக வண்டியை வாயால ஊதித்தான் ரிப்பேர் பார்ப்பா. சிரிக்காதீங்க, நானும் சிரிச்சவதான். எங்க ஒர்க்‌ஷாப்புக்கு அவ வந்த புதுசுல, இன்ஜின் மேல குனிஞ்சு ஒவ்வொரு ரப்பர் குழாயா கழட்டி, ரெண்டு முனையிலயும் உதட்டை வச்சு ஊதிப் பார்த்துக்கிட்டிருந்தா. "கச்சேரி எத்தனை மணிக்கு?"ன்னு கேட்டேன். கோவிச்சுக்கவே இல்ல. "இன்னும் சுருதி சேரல அத்தை"ன்னு சொல்லிட்டு அடுத்த குழாயை எடுத்தா.

நான் கடையோட முன்பக்கத்து ஆளு. போன், பில்லு, சாவி, சண்டை, இந்த நாலும் என் இலாகா. பின்பக்கம் என் பையனும் மருமகளும். முப்பது வருஷமா அந்த முன் மேஜையில உட்கார்ந்து, "எங்க கடையில தப்பு நடக்காது"ன்னு சொல்லிச் சொல்லி என் வாய்க்கு அது மனப்பாடம். வர்றவங்க குரலை உசத்தினா நான் அதைவிட ஒரு படி உசத்துவேன். அவ்வளவுதான் என் தொழில் ரகசியம்.

இந்த டர்போ வண்டி இருக்கே, அதுக்கு ரெட்டைக் குணம். சும்மா நிக்கிறப்போ இன்ஜின் மூச்சை உள்ள இழுக்கும். அந்த இழுப்பை வச்சு, சின்னச் சின்ன ரப்பர் குழாய் வழியா பத்து வேலை நடக்கும். அதைத்தான் வேக்குவம் லைன்னு சொல்றது. ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதிச்சீங்கன்னா டர்போ சுத்தி, காத்தை உள்ள போட்டுத் திணிக்கும். அப்போ இழுத்துக்கிட்டிருந்த அதே குழாய் ஊத ஆரம்பிச்சுடும். இதுல ஒரு குழாய் இடம் மாறினாலும், கொஞ்சம் மடங்கினாலும் வண்டி பேய் பிடிச்ச மாதிரி ஆடும். எது எங்க போகுதுன்னு பார்க்கலாம்னு பானெட்டைத் திறந்தா, எண்ணெய் காணாத தலைமுடி மாதிரி சிக்குப் பிடிச்சுக் கிடக்கும்.

அந்தச் சிக்கை என் மருமக எடுக்கிற அழகு இருக்கே, அடேயப்பா! முதல்ல ஒண்ணையும் கழட்ட மாட்டா. பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, இன்ஜினைப் படமா வரைவா. ஒவ்வொரு குழாயையும் ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் கண்ணை மூடிக்கிட்டு விரலாலயே தடவிக்கிட்டுப் போவா. கண்ணு ஏமாத்தும், விரல் ஏமாத்தாதாம். அப்புறம் ரெண்டு முனையிலயும் ஒரே நிறத்துல நூல் கட்டுவா. அதுக்கப்புறம்தான் கழட்டி, ஊதி, தாளுல குறிச்சுக்குவா. அரை நாள் அதுலயே போயிடும்.

என் பையன் அதுக்கு நேர் எதிர். கை மின்னல். பத்து நிமிஷத்துல கழட்டி, இருபது நிமிஷத்துல மாட்டி, துணியால துடைச்சு வச்சான்னா இன்ஜின் புதுசு மாதிரி பளபளக்கும். "இவ ஒரு வண்டி முடிக்கிறதுக்குள்ள நான் நாலு முடிச்சுடுவேன்மா"ன்னு சிரிப்பான். நானும் பெத்த பாசத்துல அவன் பக்கம்தான் இருந்தேன். வெக்கத்தை விட்டுச் சொல்றேன், கேட்டுக்குங்க.

இப்போ நர்ஸம்மா கதைக்கு வர்றேன்.

நர்ஸம்மாவுக்கு அறுபத்தாறு வயசு. என்னைவிட நாலு வயசு மூப்பு. மலை மேல இருக்கிற சின்னப் பிரசவ ஆஸ்பத்திரிக்குத் தினமும் தானே வண்டி ஓட்டிக்கிட்டுப் போறவங்க. கொண்டை ஊசி வளைவு பதினொண்ணு. அதுல அவங்க ஓட்டுறதைப் பார்த்தா லாரிக்காரனே ஒதுங்கி வழி விடுவான். வண்டி பழசுதான், ஆனா டர்போ. "எதுக்கும்மா உங்களுக்கு இவ்வளவு வேகம்?"னு ஒருதடவை கேட்டேன். "குழந்தை வெளிய வரணும்னு முடிவு பண்ணிட்டா எனக்காக நிக்குமா?"ன்னு கேட்டாங்க. நான் குரலை உசத்தாம சாவியை எடுத்து நீட்டினேன். நானே உசத்தலன்னா பார்த்துக்குங்க!

ஒரு மாசம் முன்னாடி அந்த வண்டி எங்ககிட்ட வந்துச்சு. சூட்டுல வெந்து வெந்து ரப்பர் குழாய் எல்லாம் வெடிப்பு விட்டுப் போச்சு. அத்தனையும் மாத்தணும். மருமக அப்போ ஊர்ல இல்ல. அவ அக்காவுக்குப் பிரசவம், ஒரு மாசம் கூட இருந்துட்டு வர்றேன்னு போயிருந்தா. என் பையன் ஒருத்தனே உட்கார்ந்து ஒரே நாளுல முடிச்சான். நல்ல சரக்காத்தான் போட்டான், குறை சொல்ல முடியாது. நீல நிற சிலிக்கான் ஹோஸ், சூடு தாங்கும், வெடிக்காது. பானெட்டைத் திறந்து காட்டினப்போ நானே அசந்துட்டேன். கறுகறுன்னு கிடந்த இடத்துல நீலக் கோடா ஓடுது. நர்ஸம்மாகூட, "அட, கல்யாண வீடு மாதிரி இருக்கே!"ன்னாங்க.

ஒரு வாரத்துல திரும்பி வந்தாங்க. "பிரேக் சில நேரம் கல்லு மாதிரி ஆயிடுதும்மா. மிதிச்சா உள்ள போக மாட்டேங்குது. அடுத்த நிமிஷம் சரியாயிடுது."

என் பையன் பார்த்தான். பெடல் மெத்து மெத்துன்னு இருக்கு. கடையைச் சுத்தி ஒரு ரவுண்டு போனான், நல்லாப் பிடிக்குது. "பிரேக்கை நான் தொடவே இல்லையேம்மா, நான் பார்த்தது இன்ஜின்"னான். அதுவும் சத்தியம்தான், தொடல. அனுப்பி வச்சோம்.

மறு வாரம் மறுபடி வந்தாங்க. மறுபடி பார்த்தோம், ஒண்ணும் இல்ல. அன்னைக்கு முன்பக்கம் கூட்டம், எனக்கும் எரிச்சல். நான் சொன்னேன், இந்த வாயாலதான் சொன்னேன்: "நர்ஸம்மா, தப்பா நினைக்காதீங்க. நமக்கெல்லாம் வயசாகுதுல்ல? கால்ல பலம் குறையத்தானே செய்யும். வண்டி நல்லாத்தான் இருக்கு."

சண்டைக்கு வருவாங்கன்னு நினைச்சேன். வரல. காலைக் குனிஞ்சு பார்த்துட்டு, "அப்படியும் இருக்கலாம்"னு சொல்லிட்டுப் போனாங்க.

அதுக்கப்புறம் நடந்ததுதான் பெரிய வினை. மலை ரோட்டுல ஒரு லாரியைத் தாண்டிட்டு பிரேக்கை மிதிச்சிருக்காங்க, பிடிக்கல. முன்னாடி போன வேன் பின்பக்கத்துல மோத ஒரு முழம்தான் பாக்கி. வண்டியை ஓரத்து மண்ணுல இறக்கி நிறுத்திட்டாங்க. அவங்க பையன் ஓடி வந்தான். பேங்க்ல பெரிய உத்தியோகம், எப்பவும் கழுத்துல டை. எங்களுக்குள்ள அவனுக்கு டைக்காரன்னுதான் பேரு. கெட்டவன் இல்ல. அம்மா செத்துப் போயிடுவாங்களோன்னு பயம். பயத்துல அதிகாரம் பண்றவன். வண்டியை இழுத்துட்டு வந்து எங்க கடையில விட்டுட்டு என்கிட்ட சொன்னான்: "வண்டியில குறை இல்லன்னு எழுதிக் குடுத்துடுங்க. வாங்குறதுக்கு ஆள் பார்த்துட்டேன். நாளைக்கு மத்தியானம் அம்மாவும் வந்து, தன்கிட்ட இருக்கிற இன்னொரு சாவியையும் குடுத்துடுவாங்க. இனிமே அவங்க வண்டி ஓட்ட வேண்டாம். வேலையையும் விட்டுடட்டும்."

என் பையனும் இன்னொரு தடவை பார்த்தான். குறை இல்ல. நான் எழுதினேன். கடை முத்திரையைக் குத்தி, கையெழுத்தும் போட்டு மேஜை டிராயர்ல வச்சேன்.

மறுநாள் காலையில என் மருமக ஊர்லேர்ந்து வந்து இறங்கினா. பையை வீட்டுல போட்டுட்டு நேரா கடைக்கு வந்தவ, நர்ஸம்மா வண்டியைப் பார்த்ததும், "இது ஏன் இங்க நிக்குது?"ன்னா. கதையைச் சொன்னேன். பாதியிலேயே நிறுத்தினா.

"எப்போ எல்லாம் கெட்டியாகுதாம்?"

"சில நேரமாம்."

"சில நேரம்னா எந்த நேரம் அத்தை?"

எனக்குத் தெரியல. என் பையனுக்கும் தெரியல. ரெண்டு தடவை அந்த அம்மா வாசல் ஏறி வந்து சொல்லியிருக்காங்க, ஒருத்தருக்காவது அந்தக் கேள்வி தோணல! மருமக அங்கேயே போனைப் போட்டா, நாங்களும் கேக்குற மாதிரி.

"நர்ஸம்மா, நான்தான். பிரேக் கல்லாகுதே, அதுக்கு முன்னாடி என்ன பண்ணிக்கிட்டிருப்பீங்க?"

மெதுவா, "ஏத்தத்துல யாரையாவது தாண்டிட்டு வந்திருப்பேன். தாண்டின கையோட பிரேக் போட்டா அப்படி ஆகுது. விடும்மா, இனி எதுக்கு அதெல்லாம்"னு குரல் வந்துச்சு. அந்தக் குரலை நான் அதுவரைக்கும் கேட்டதில்ல. அதட்டி அதட்டிக் குழந்தை பெத்துக்க வைக்கிற குரலு, தண்ணி ஊத்தின அடுப்பு மாதிரி அடங்கிக் கிடந்துச்சு.

மருமக போனை வச்சா. "தாண்டுறப்போ டர்போ ஊதும். நீங்க ரெண்டு பேரும் டர்போ ஊதாத இடத்துல வச்சே பார்த்திருக்கீங்க"ன்னா.

"பிரேக்குக்கும் டர்போவுக்கும் என்னடி சம்பந்தம்?"னு நான் கேட்டேன்.

அவ நர்ஸம்மா வண்டிக்குப் போனா. வண்டியில ஏறி ஸ்டார்ட் பண்ணினா, ஒரு நிமிஷம் ஓட விட்டா, அணைச்சா. பத்து வரைக்கும் எண்ணினா. பிரேக்கை மிதிச்சா. "அத்தை, இங்க வாங்க, நீங்களே மிதிங்க." மிதிச்சேன். ஐயோ, சுவத்தை மிதிக்கிற மாதிரி இருக்கு! பக்கத்துல நின்ன இன்னொரு வண்டியில என்னை ஏத்தி, அதையும் அதே மாதிரி ஓட விட்டு, அணைச்சு, மிதிக்கச் சொன்னா. அது ரெண்டு மூணு தடவை மெத்துன்னு உள்ள போச்சு, அதுக்கப்புறம்தான் கெட்டியாச்சு.

என் பையன் முகம் லேசா மாறிச்சு. ஆனா ஆம்பளை கௌரவம் விடுமா? "பழைய வண்டி, டப்பா லீக்கா இருக்கும்"னான். பெடலுக்கு முன்னாடி பெரிய வட்ட டப்பா ஒண்ணு இருக்கும். இன்ஜினோட இழுப்பை அதுல சேர்த்து வச்சுக்கிட்டுத்தான் நம்ம காலுக்குப் பத்து ஆளு பலம் குடுக்கும். அதைத்தான் சொன்னான்.

"இருக்கலாம்"னு மட்டும் சொல்லிட்டு மருமக பின்னாடி போனா. அங்க பழைய ரப்பர் எல்லாம் போடுற இரும்பு டிரம் இருக்கு. கையை முழங்கை வரைக்கும் விட்டுத் துழாவ ஆரம்பிச்சா. ஊர்லேர்ந்து வந்த நல்ல சட்டை! "ஏண்டி, துணியையாவது மாத்திக்கிட்டு வா"ன்னு கத்துறேன், காதுலயே போட்டுக்கல. ஒரு மாசத்துக் குப்பையை அப்படியே தரையில கவிழ்த்துக் கொட்டி, நடுவுல சம்மணம் போட்டு உட்கார்ந்துட்டா. ஒவ்வொண்ணா எடுக்குறா, ஊதுறா, தூக்கிப் போடுறா. வாயைச் சுத்திக் கரி. பார்க்கிறதுக்கு மீசை வச்ச மாதிரி இருந்துச்சு. வேற நேரமா இருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பேன்.

கட்டை விரல் தடிமன்ல ஒரு குழாய் கிடைச்சுச்சு. ஊதினா. திருப்பிப் பிடிச்சு மறுபடி ஊதினா. எழுந்து வந்து என்கிட்ட நீட்டினா.

"ஊதுங்க அத்தை."

"எனக்கு என்ன தலையெழுத்தா?"

"ஊதுங்களேன்."

துடைச்சுட்டு ஊதினேன். காத்து ஜிவ்வுன்னு போச்சு. திருப்பிப் பிடிச்சு ஊதினேன். கன்னம்தான் உப்புச்சு, காத்து ஒரு பொட்டு போகல. அடைப்பு போலன்னு வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தேன். அப்போதான் மருமக அதை நடுவுல பிடிச்சு அமுக்கிக் காட்டினா. உள்ள ஏதோ கெட்டியா உருண்டையா இருக்கு. மேல, அழுக்குக்கு அடியில, வெள்ளையா ஒரு அம்புக்குறி.

"வால்வு. ஒரு பக்கம்தான் காத்தை விடும். இழுக்கிறப்போ திறக்கும், ஊதுறப்போ மூடிக்கும். மத்த வண்டியில டப்பா மேலயே வெளிய தெரியுற மாதிரி வச்சிருப்பான். இந்த வண்டியில ஹோஸுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கான். வெளியிலேர்ந்து பார்த்தா வெறும் குழாய்தான்."

என் பையனுக்குப் புரிஞ்சுடுச்சு. அவன் முகத்தைப் பார்த்தே எனக்கும் புரிஞ்சுது. அவன் போட்ட நீல ஹோஸ் வெறும் குழாய். டர்போ ஊதினப்போ எல்லாம் அந்தக் காத்து நேரா டப்பாவுக்குள்ள போயிருக்கு. சேர்த்து வச்ச பலம் அத்தனையும் போய், நர்ஸம்மா கால் தனியா நின்னிருக்கு. ஆக்ஸிலேட்டரை விட்டுக் கொஞ்ச நேரத்துல இன்ஜின் மறுபடி இழுக்கும், எல்லாம் சரியாயிடும். நாங்க பார்க்கிறப்போ எப்பவும் சரியா இருக்கும்.

அவன் ஒரு டயர் மேல உட்கார்ந்துட்டான். கடையில வேற எந்த வண்டிக்காவது அந்த ஹோஸ் போட்டிருக்கானான்னு மருமக கேட்டா. "இல்ல, இதுதான் முதல் வண்டி"ன்னான். அப்புறம், "ஊதிப் பார்க்கலையேடி நான்"னான். பொண்டாட்டி அவன் தலையில லேசா ஒரு தட்டு தட்டிட்டு, "எந்திரிங்க, மத்தியானத்துக்குள்ள முடிக்கணும்"னா. அவ்வளவுதான் பேசினா. நானா இருந்தா ஒரு வருஷத்துக்குச் சொல்லிக் காட்டியிருப்பேன்.

நான் டிராயரைத் திறந்து அந்தக் காகிதத்தை எடுத்து நாலா கிழிச்சேன். அப்புறம் வால்வு வாங்க ஸ்பேர் கடைக்கு நானே ஓடினேன். வந்து பார்த்தா, பானெட்டுக்குள்ள இருந்த அத்தனை நீல ஹோஸும் வெளிய. "எல்லாத்தையும் ஏண்டி கழட்டினே?"ன்னேன். காட்டினா. ஒண்ணு டர்போ கூட்டுக்கு ரெண்டு விரல் தள்ளி ஓடுது, கொதிக்கிற இடம். ஒண்ணு நீளம் ஜாஸ்தி, வளைவுல கொஞ்சம் மடங்கி நிக்குது. டர்போ அளவுக்கு மேல ஊதாம பிடிச்சு நிறுத்துற கடிவாளக் குழாய் ஒண்ணு இருக்கு, அது ஒரு இரும்பு முனையில உரசிக்கிட்டு இருக்கு. பார்க்க அழகா இருக்கணும்னு எல்லாத்தையும் இணையா, நேர்கோடா ஓட்டியிருக்கான் என் பிள்ளை.

அடுத்த ரெண்டு மணி நேரம் நான் போனைக்கூட எடுக்கல. பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு ஹோஸையும் எடுத்து, எங்க ஆரம்பிச்சு எங்க முடியணும்னு காத்துலயே ஒருதடவை வளைச்சுப் பார்ப்பா. சூட்டுப் பக்கம் போகாம அந்தப் பக்கமா சுத்தி வர வைப்பா. இன்ஜின் குலுங்குறப்போ இழுபடாம இருக்க ஒரு சின்னத் தொய்வு விடுவா, மடங்குற அளவுக்கு விட மாட்டா. உரசுற இடத்துல தடிச்ச உறை போட்டு கிளிப் மாட்டுவா. அளந்து வெட்டினா ஒரே வெட்டு, ரெண்டாவது வெட்டு கிடையாது. பிரேக் ஹோஸுக்கு நடுவுல புது வால்வை வச்சு, அம்பு இன்ஜினைப் பார்த்து நிக்குதான்னு தானும் பார்த்து, புருஷனையும் பார்க்க வச்சு, கடைசியா ரெண்டு பக்கமும் ஊதினா. நேர்கோடு ஒண்ணுகூட இல்ல. ஆனா பார்த்துக்கிட்டே இருக்கலாம் போல இருந்துச்சு. இத்தனை வருஷம் இந்தக் கடையில இருந்துட்டு இப்படி ஒரு வேலையை நான் உட்கார்ந்து பார்த்ததே இல்லன்னு எனக்கு என் மேலயே ஆத்திரம் வந்துச்சு.

நர்ஸம்மாவும் டைக்காரனும் வந்தாங்க. நர்ஸம்மா கையில அந்த இன்னொரு சாவி. முகத்துல ஒண்ணுமே இல்ல.

"காகிதம் ரெடியா?"ன்னு டைக்காரன் கேட்டான்.

"கிழிச்சுட்டேன் தம்பி"ன்னேன். அவன் வாயைத் திறக்கிறதுக்குள்ள மருமக பழைய குழாயை அவன் கையில குடுத்து, ஊதச் சொல்லி, திருப்பி ஊதச் சொல்லி, முழுக் கதையையும் சொன்னா. பாவம், டையெல்லாம் கரி. நம்பியும் நம்பாமலும் நின்னான். அவ விடல. வால்வுக்குப் பதிலா அந்த நீல ஹோஸ் துண்டை மறுபடி மாட்டினா. ஸ்டார்ட் பண்ணி, அணைச்சு, அவனையே டிரைவர் சீட்டுல உட்கார வச்சா.

"இப்போ மிதிங்க சார்."

மிதிச்சான். நகரல. பல்லைக் கடிச்சுக்கிட்டு மிதிச்சான். தினம் ஜிம்முக்குப் போற காலு!

"இந்தப் பெடலை வச்சுக்கிட்டுத்தான் உங்க அம்மா ஒரு மாசம் மலை ஏறி இறங்கியிருக்காங்க"ன்னா மருமக.

அவன் இறங்கி வந்து அம்மாவைப் பார்த்தான். நர்ஸம்மா சிரிப்பாங்கன்னு நான் எதிர்பார்த்தேன். "பார்த்தியாடா"ன்னு ஒரு வார்த்தையாவது சொல்வாங்கன்னு நினைச்சேன். அவங்க அந்த வண்டியைப் பார்த்துக்கிட்டே நின்னாங்க, கிட்ட வரல.

வால்வை மறுபடி மாட்டி, சோதிச்சு முடிச்சோம். "வாங்க நர்ஸம்மா, மலை ரோட்டுல ஒரு தடவை போய் வந்துடலாம், நீங்களே ஓட்டுங்க"ன்னு மருமக கூப்பிட்டா. நானும் முன்னாடி ஏறி உட்கார்ந்துக்கிட்டேன். மருமகளும் டைக்காரனும் பின்னாடி.

ஓட்டினாங்க. ஆனா அது நர்ஸம்மா ஓட்டுற ஓட்டு இல்ல. நத்தை தேவலாம். மலை அடிவாரத்துல கல்லு ஏத்தின லாரி ஒண்ணு முக்கி முக்கி ஏறிக்கிட்டிருந்துச்சு. அது பின்னாடியே போறாங்க. முன்னாடி ரோடு காலி, எதிர்ல ஒரு ஈ காக்கா இல்ல. தாண்டல. எங்க பின்னாடி ஹாரன் அடிக்கிறாங்க.

"டர்போ ஊதினாத்தான் நர்ஸம்மா டெஸ்ட்டு"ன்னு மருமக மெதுவா சொன்னா.

"வேண்டாம்மா. வண்டியை நீ சரி பண்ணிட்டே. என் கால் சரியில்ல."

"உங்க கால்ல ஒண்ணும் இல்லம்மா, அவங்கதான் காட்டினாங்களே!"ன்னு டைக்காரன் பின்னாடியிருந்து பதறினான்.

நர்ஸம்மா ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காம என்கிட்ட பேசினாங்க. "வயசாச்சுன்னு இவன் சொன்னப்போ நான் சண்டை போட்டேன். இவனுக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்? ஆனா நீங்க சொன்னீங்க. தினம் நூறு வண்டியைப் பார்க்கிறவங்க, என் வயசுக்காரங்க, நீங்களே சொன்னப்போ நான் நம்பிட்டேன். தினம் படுக்கிறதுக்கு முன்னாடி கட்டில்ல உட்கார்ந்து இந்தக் காலைச் சுவத்துல வச்சு அமுக்கிப் பார்ப்பேன். போன வாரத்தைவிட பலம் குறைஞ்சிருக்கான்னு. குறைஞ்ச மாதிரியேதான் இருந்துச்சு."

கடன்காரி நான், எரிச்சல்ல ஒரு வார்த்தையை விட்டெறிஞ்சுட்டு அடுத்த பில்லைப் போட்டுக்கிட்டிருந்தேன். இவங்க அதைப் படுக்கை வரைக்கும் கொண்டு போயிருக்காங்க. முப்பது வருஷமா இந்த வாயில வராத வார்த்தை, வர மாட்டேன்னு அடம் பிடிச்சுச்சு.

"நர்ஸம்மா, நான் சொன்னது தப்பு. உங்க காலுக்கு ஒண்ணுமே ஆகல. வண்டிதான் கெட்டுப் போச்சு. கெடுத்தது எங்க கடை. எங்களுக்குத் தெரியலங்கிறதை ஒத்துக்க முடியாம உங்க வயசு மேல பழியைப் போட்டேன். பிரேக்கே இல்லாத வண்டியை, வெறும் கால் பலத்துல, அந்த வளைவுல ஒரு முழம் பாக்கி வச்சு நிறுத்தியிருக்கீங்க. நானா இருந்தா அந்த வேனோட போய்ச் சேர்ந்திருப்பேன்."

லாரி முக்கிக்கிட்டே போச்சு. அப்புறம் நர்ஸம்மாவோட இடது கை கியரைக் கீழ தள்ளுச்சு.

அம்மாடி! முதுகு சீட்டோட ஒட்டிக்கிச்சு. டர்போ விசிலடிச்சுச்சு. லாரி ஜன்னல் என் காதுக்குப் பக்கத்துல போய் பின்னாடி விழுந்துச்சு. எதிர்ல முதல் கொண்டை ஊசி வளைவு, சுவர் மாதிரி மலை. நான் டேஷ்போர்டை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, இல்லாத பிரேக்கை என் காலால மிதிச்சேன். நர்ஸம்மா மிதிச்சாங்க.

வண்டி வெண்ணெய்ல கத்தி இறங்கின மாதிரி அடங்குச்சு. வளைவுல அப்படியே வழுக்கித் திரும்புச்சு. மூணு வளைவு. மூணுலயும் ஆக்ஸிலேட்டரை அழுத்தி, பிரேக்கை மிதிச்சு, திரும்பி. நாலாவதுல ஓரமா ஒதுக்கி நிறுத்திட்டாங்க.

பின்னாடி டைக்காரன் மூக்கை உறிஞ்சுற சத்தம் கேட்டுச்சு. நர்ஸம்மா ஸ்டியரிங்கிலேர்ந்து கையை எடுத்து, தன்னோட வலது தொடை மேல வச்சாங்க. பிறந்த குழந்தையைத் தட்டிக் குடுக்கிற மாதிரி ரெண்டு தட்டு தட்டினாங்க.

"உன்னைப் போய்த் திட்டினேனே"ன்னு அந்தக் காலுகிட்ட சொன்னாங்க.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.